பல குரலில் ஒரு பாட்டு: எம்.பி. சீனிவாசனின் சேர்ந்திசைப் பணி



பத்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் இசையமைப்பாளர் ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழக்கூடும். கவிதை எழுதுவோரும் கவிதை பயில்வோரும் கூடியிருக்கும் அவை இது. ஆயினும், எழுதப்பட்ட கவிதை எவ்வாறு மக்கள் வாயில் வாழ்கிறது என்பது கவிஞர்கள் கவலைப்பட வேண்டிய செய்தியே ஆகும். தமிழ்க் கவிதையைத் தனியொரு பாடகரின் குரலிலிருந்து எடுத்துப் பயிற்சியற்ற எளிய மனிதர் பலரின் குரலில் வைத்த ஒருவரைப் பற்றியதே இவ்வுரை. அவர் எம்.பி. சீனிவாசன். அன்பர்கள் அவரை எம்.பி.எஸ். என்று அழைத்தனர். அவர் பெயரின் முதலெழுத்தாக நிற்பது மானாமதுரை. கடம் வனையும் கைவினைக்குப் பெயர் பெற்ற அவ்வூர் இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருப்பினும், பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஊரே ஆகும். ஆகவே இம்மண்ணுக்கு அவர் அயலாரல்லர்.

சேர்ந்து பாடுதலும் சேர்ந்திசையும்

சேர்ந்து பாடுவது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி எழுவர் மகளிரை வட்டமாக நிறுத்துகிறாள். அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களையே சூட்டுகிறாள். ஒருத்தி ஒரு சுரம். எழுவரும் கைகோத்தால் ஓர் இசை. இளங்கோவடிகள் அமைத்த இக்காட்சியைவிடச் சேர்ந்திசைக்கு வேறு நல்ல உருவகம் தேவையில்லை. தீக்குறிகள் தோன்றிய வேளையில், அச்சம் நீங்குவதற்காக அவர்கள் அக்குரவையை ஆடினர் என்பதும் எண்ணத்தக்கது. மக்கள் அஞ்சும் பொழுது தனித்தனியே அழுவதைவிடச் சேர்ந்து பாடுவதை நாடினர்.

கீழக்கரையில் வாழ்வோர்க்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. தோணி இழுக்கையிலும் வலை வாங்குகையிலும் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏலேலோ என வாங்கிப் பாடும் வழக்கம் இக்கடற்கரைக்கு உரியது. ரபியுல் அவ்வல் மாதத்தில் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் மௌலூது ஓதும் குரல்கள் ஒன்றாய் எழுகின்றன. பக்கீர்மார்கள் தாயிரா தட்டிப் பாடும் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் இசுலாமியத் தமிழ் இலக்கியத்தின் வாய்மொழிக் கிளைகள். கோயில்களில் பஜனையும், ஊர்ப் பொதுவில் கும்மியும் கோலாட்டமும் இருந்தன, இருக்கின்றன.

ஆனால் இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தலைவர் பாடியதையே மற்றவர் பாடுவர். அல்லது எல்லோரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் பாடுவர். குரல் பல, இசைக்கோடு ஒன்று. சேர்ந்திசை என்று எம்.பி.எஸ். வளர்த்த கலை இதனின்றும் வேறுபட்டது. அதில் பாடகர்கள் குரலின் இயல்புக்கேற்ப வகுக்கப்படுகின்றனர். பெண்குரலில் உயர்ந்ததும் தாழ்ந்ததும், ஆண்குரலில் உயர்ந்ததும் தாழ்ந்ததும் என நான்கு அணிகள் அமைகின்றன. மேலை இசையில் இவற்றைச் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்பர். ஒவ்வோர் அணிக்கும் தனி இசைக்கோடு உண்டு. ஓரணி மேலே செல்கையில் மற்றொன்று கீழே இறங்கலாம். ஒன்று நிற்கையில் மற்றொன்று நடக்கலாம். நான்கும் ஒரே பொழுதில் ஒலித்து ஒத்திசைவாக நிறைய வேண்டும். ஒருவர் மற்றவரைப் போலப் பாடுவதால் இங்கு ஒற்றுமை பிறப்பதில்லை. வேறாகப் பாடுவோர் ஒருவருக்கொருவர் செவி கொடுப்பதால் அது பிறக்கிறது. எம்.பி.எஸ். அவர்களின் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டின் வழியே விளங்கிக்கொள்ளலாம்.

இயக்கத்திலிருந்து இசைக்கு

1925 ஆம் ஆண்டு பிறந்த சீனிவாசன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நாள்களிலேயே மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டார். விடுதலைப் போராட்டத்தின் இறுதிக் கட்டம் அது. இந்திய மக்கள் நாடக மன்றம் நாடெங்கும் பாட்டையும் கூத்தையும் தெருவுக்குக் கொண்டுவந்த காலமும் அதுவே. அம்மன்றத்தின் பாடல்கள் குழுவினர் பாடுவதற்கென்றே எழுந்தவை. பின்னர்த் தில்லியில், பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ.கே. கோபாலனின் செயலராக அவர் பணியாற்றினார்.

அங்கு அவர் சைபுதீன் கிச்சலூவின் மகளை மணந்தார். 1919 ஏப்ரலில் அமிர்தசரசில் கிச்சலூவும் சத்தியபாலும் கைது செய்யப்பட்டதை எதிர்த்து எழுந்த மக்கள் எழுச்சியே சில நாள்களில் ஜாலியன் வாலாபாக் படுகொலையில் முடிந்தது என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர். நாட்டுப் பிரிவினையை உறுதியுடன் எதிர்த்த இசுலாமியத் தலைவர்களுள் கிச்சலூ ஒருவர். அத்தகைய குடும்பத்தின் மருமகனாக மானாமதுரைக் குடும்பத்து இளைஞர் ஒருவர் ஆனார். வெவ்வேறு குரல்கள் ஓர் இசையில் பொருந்தும் என்பதை அவர் மேடைக்குக் கொண்டுவரும் முன்பே இல்லத்தில் வாழ்ந்து காட்டினார் எனலாம்.

திரையுலகில் ஒரு தனிவழி

திரைப்பட வரலாற்றில் எம்.பி.எஸ். பெயர் 1960 ஆம் ஆண்டு வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்தால் நிலைபெற்றது. வங்கத்தில் 'சின்னமூல்' எடுத்துப் புகழ்பெற்ற நிமாய் கோஷ் சென்னையில் இயக்கிய படம் அது. தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன் ஆகிய எழுத்தாளர்களின் பாடல்களுக்கு எம்.பி.எஸ். இசையமைத்தார். படம் வணிக வெற்றி பெறவில்லை. எனினும் அதன் பாடல்கள் இலக்கிய அன்பர்களின் நினைவிலிருந்து அகலவில்லை. சொல்லை அழுத்தாத இசை, சொல்லுக்குள் இருக்கும் ஓசையைத் தேடி எடுக்கும் இசை என்று அவற்றைப் பற்றிச் சொல்லலாம்.

தமிழ்த் திரையுலகம் அவருக்குப் பல வாய்ப்புகளை அளிக்கவில்லை. மலையாளத் திரையுலகம் அவரை அரவணைத்தது. 1961 நவம்பர் 14 அன்று சென்னையில், 'கால்பாடுகள்' என்னும் மலையாளப் படத்திற்காக ஓர் இளைஞர் முதன்முதலாக ஒலிவாங்கியின் முன் நின்று பாடினார். அவர் கே.ஜே. யேசுதாஸ், இசையமைத்தவர் எம்.பி.எஸ். அன்று பாடப்பட்டது சாதி சமய வேற்றுமை இன்றி மனிதர் உடன்பிறந்தாராய் வாழும் நிலையைக் கூறும் ஸ்ரீ நாராயண குருவின் அடிகள். பெரும் பாடகர் ஒருவரின் கலைவாழ்வு அத்தகைய அடிகளில் தொடங்கியது. அதைத் தொடக்கி வைத்த கை எம்.பி.எஸ். அவர்களுடையது.

அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981), 'முகாமுகம்' (1984), 'அனந்தரம்' (1987) ஆகியவற்றுக்கும், கே.ஜி. ஜார்ஜின் 'உள்கடல்' (1979), 'யவனிகா' (1982) ஆகியவற்றுக்கும் அவரே இசை. 'உள்கடல்' படத்தில் கவிஞர் ஓ.என்.வி. குறுப்பின் பாடல்களுக்கு அவர் அமைத்த மெட்டுகளைக் கேரள மக்கள் கவிதையாகவே கேட்டனர். 'எலிப்பத்தாயம்' போன்ற படங்களில் அவர் மௌனத்துக்கு இடம் விட்டார். எங்கே இசை வேண்டாம் என்று அறிவதும் இசையமைப்பாளரின் அறிவே. சீர்களுக்கிடையே நிற்கும் இடைவெளியின் மதிப்பை அறிந்த கவிஞர்களுக்கு இது விளங்காமல் போகாது.

ஜான் ஆபிரகாம் தமிழில் இயக்கிய 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) படத்தில் கழுதைக்குட்டி ஒன்றை வளர்க்கும் பேராசிரியராக எம்.பி.எஸ். தாமே நடித்தார். வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதிய அப்படம் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. ஊரார் எள்ளி நகையாடினும் தாம் அன்பு செய்த உயிரைக் கைவிடாத மனிதரின் வேடம் அது. அவ்வேடத்துக்கும் அவருடைய வாழ்வுக்கும் தொலைவு அதிகமில்லை.

வாத்தியக்காரர்களின் உரிமை

இசையமைப்பாளர் எம்.பி.எஸ். அவர்களையும் சங்கத் தலைவர் எம்.பி.எஸ். அவர்களையும் பிரித்துப் பார்ப்பதற்கில்லை. திரைப்படப் பாடல் ஒன்று புகழ் பெற்றால் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் நாடெங்கும் பேசப்படும். வயலின் வாசித்த இருபது பேர் யார், குழல் ஊதியவர் யார், தபேலா வாசித்தவர் யார் என்பதை எவரும் கேட்பதில்லை. அன்றாடம் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, வாசித்து, கூலி பெற்றுப் போகும் கலைஞர்கள் அவர்கள். அவர்களுக்கென ஒரு சங்கம் அமையவும், ஊதியம் முறைப்படவும் பாடுபட்டவர்களுள் எம்.பி.எஸ். முதன்மையானவர். நிமாய் கோஷும் அவரும் தென்னிந்தியத் திரைத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்ககாலத் தூண்கள்.

இசையமைப்பாளர் என்ற நிலையில் அவர் ஊதியம் கொடுக்கும் தரப்பின் அருகே நிற்பவர். ஆயினும் ஊதியம் கேட்கும் தரப்பின் பக்கமே அவர் நின்றார். ஒருவேளை தமிழ்த் திரையில் அவருக்கு வாய்ப்புகள் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்பின் பயனில் உரிமைப்பங்கு பெறவேண்டும் என்பதும் அவர் வற்புறுத்திய கருத்தாகும். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012 இல் திருத்தப்பட்ட பொழுதுதான் அவ்வுரிமை கைமாற்றித் தீர்ந்துவிடாத வகையில் உறுதி பெற்றது. அதற்குள் அவர் மறைந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. கவிஞர்கள் நன்றியுடன் நினைக்கவேண்டிய செய்தி இது.

சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு

1971 ஆம் ஆண்டு எம்.பி.எஸ். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். இதற்கு முன்னோடி முயற்சிகள் உண்டு. 1958 இல் சலில் சௌத்ரி பம்பாயிலும் ரூமா குகா தாகுர்தா கல்கத்தாவிலும் இளைஞர் சேர்ந்திசைக் குழுக்களைத் தோற்றுவித்தனர். தமிழ்நாட்டில் கிறித்தவத் திருச்சபைகளின் பாடகர் குழுக்கள் நான்கு குரல் ஒத்திசைவை நெடுங்காலமாகப் பயின்று வந்தன. 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917 இல் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் மேலை இசையிலும் பயிற்சி உடையவர். ஆனால் அவ்வொத்திசைவு பெரும்பாலும் வழிபாட்டின் எல்லைக்குள்ளேயே நின்றது. பாரதி முதலான கவிஞர்களின் பாடல்களை வழிபாட்டுக்கு வெளியே, பொது மேடையில், எல்லாச் சமயத்தாரும் கூடிப் பாடுமாறு அமைத்ததே எம்.பி.எஸ். பணியின் சிறப்பு.

அக்குழுவில் இருந்தோர் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பகலில் தத்தம் கல்வியையும் அலுவலையும் கவனித்து, மாலையில் கூடிப் பாடியவர்கள். தமிழோடு பல இந்திய மொழிப் பாடல்களையும் அவர்கள் பாடினர். வானொலி நிலையங்களில் சேர்ந்திசைக் குழுக்கள் அமையவும், பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூடிப் பாடும் பழக்கம் பரவவும் எம்.பி.எஸ். நாடெங்கும் பயணம் செய்தார். திரைப்படத்துக்கு ஒரு பாட்டு அமைத்தால் கிடைக்கும் பணத்தையும் புகழையும் நோக்க, ஒரு பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சுருதி சேர்க்கக் கற்பிப்பதில் என்ன கிடைக்கும்? அவர் அக்கணக்கைப் பார்க்கவில்லை.

சேர்ந்து பாடுதல் ஒரு மக்கள் கூட்டத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. பால்டிக் கடற்கரையில் உள்ள சின்னஞ்சிறு நாடான எஸ்தோனியாவில் 1869 இல் முதல் பாடல் விழா நடைபெற்றது. அன்றுமுதல் பல்லாயிரவர் ஒருங்கே நின்று தம் தாய்மொழிப் பாடல்களைப் பாடும் மரபு அங்கு வேரூன்றியது. 1988 இல் அம்மக்கள் ஆயுதம் ஏந்தாமல், பாடியே தம் விடுதலைக் கோரிக்கையை எழுப்பினர். அதனால் அவ்வெழுச்சிக்குப் பாடும் புரட்சி என்றே பெயர். அங்கேரியில் சோல்தான் கோடாய் என்னும் இசையறிஞர், இசைக் கல்வி ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையிலிருந்தே தொடங்கவேண்டும் என்று கூறி, பள்ளிகளில் சேர்ந்திசையை நிலைநாட்டினார். எம்.பி.எஸ். பணியை இவ்வுலகப் பின்னணியில் வைத்துக் காணும்போதே அதன் பெருமை தெளிவாகும்.

இராகமும் ஒத்திசைவும் சொல்லும்

தமிழ்ப் பாடலைச் சேர்ந்திசையாக்குவது எளிய செயல் அன்று. அதில் மூன்று இடர்கள் உள்ளன. கவிஞர்கள் அவற்றை அறிந்துகொள்வது பயன் தரும்.

முதலாவது இராகம். நம் இசை, சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் இசை. மேலை ஒத்திசைவோ பல சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இசை. மேலே அடுக்கும் சுரம் இராகத்துக்கு அயலானதாக இருந்தால் இராகத்தின் முகம் சிதையும். ஆகவே எந்த இராகம் எவ்வளவு அடுக்கைத் தாங்கும் என்று அறிய வேண்டும். மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே ச, க, ப மூன்றும் ஒருங்கே ஒலித்தால் ஒரு நிறைவு பிறக்கும். த, ச, க மூன்றும் ஒலித்தால் ஓர் ஏக்கம் பிறக்கும். இராகத்தை விட்டு வெளியே போகாமலேயே இரு வேறு உணர்வுகள் கிடைக்கின்றன. அம்சத்வனியும் இவ்வாறே இடம் கொடுக்கும். ஆனால் கமகத்தையே உயிராகக் கொண்ட தோடியை ஐம்பது பேர் ஒரே அசைவில் பாட இயலாது. அதை அடுக்க முயன்றால் இராகமும் போகும், ஒத்திசைவும் போகும்.

இரண்டாவது எழுத்தின் அளவு. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. மலை என்னும் சொல்லின் முதற்குறிலை இசைக்காக நீட்டினால் அது மாலை ஆகிவிடும். படு என்பது பாடு ஆகும். தனிப் பாடகர் நீட்டினால் கேட்போர் சூழலை வைத்துப் பொருளை ஊகித்துக்கொள்வர். நான்கு அணிகள் நான்கு விதமாக நீட்டினால் பாட்டில் சொல்லே மிஞ்சாது. ஆகவே நீளும் சுரம் நெடிலின் மேலும் மெல்லின ஒற்றின் மேலும் விழுமாறு அமைக்கவேண்டும். இதற்கு இசையறிவோடு யாப்பறிவும் வேண்டும்.

மூன்றாவது சொற்களின் மோதல். அணிகள் வெவ்வேறு நேரத்தில் தொடங்கினால் ஓரணி முதலடியில் நிற்க, மற்றோரணி இரண்டாம் அடியில் இருக்கும். ஒலி அழகாக இருக்கும், பொருள் புரியாது. எனவே ஓரணி சொல்லைத் தெளிவாகச் சொல்ல, மற்ற அணிகள் உயிரெழுத்தொலியாலோ ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்பக் கூறுவதாலோ அதைத் தாங்கும் முறை கையாளப்படுகிறது. கருத்து உச்சம் பெறும் இடத்தில் மட்டும் நான்கு அணிகளும் ஒரே சொல்லில் வந்து கூடும். கவிதையில் எந்தச் சொல் உயிர்ச்சொல் என்று தெரிந்தவர்க்கே அவ்விடம் தெரியும். ஆக, நல்ல சேர்ந்திசை என்பது ஒருவகையில் உரையாசிரியர் பணி. பரிமேலழகர் சொல்லால் செய்ததை இசையமைப்பாளர் குரல்களின் அடுக்கால் செய்கிறார்.

இராகத்தையும் நாட்டுப்புற மெட்டையும் கைவிடாமலும், மேலை ஒத்திசைவைக் கண்டு அஞ்சாமலும் எம்.பி.எஸ். இவ்விடர்களைக் கடந்தார். பாரதி அவருக்குத் துணை நின்றார். சிந்து, கும்மி, கண்ணி எனக் கூட்டமாகப் பாடுவதற்கு உரிய வடிவங்களை பாரதி தேர்ந்தெடுத்தார். அவ்வடிவங்களில் அடிகள் குறுகியவை, தாளம் வெளிப்படை, மடங்கி வரும் தொடர்கள் மிகுதி. மேலும், பாரதி பாடல்களின் உரிமையை 1949 இல் அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியமையால், அவற்றை எவரும் எவரிடமும் இசைவு கேளாமல் பாடலாம். எல்லோர்க்கும் உரிய பாட்டை எல்லோரும் பாடுவது என்பது சட்டத்தாலும் கலையாலும் ஒருசேர நிறைவேறியது.

ஓசை எழுப்பாத கலைஞர்

சேர்ந்திசை மேடையில் ஒரு விந்தை உண்டு. அங்கு முதன்மையானவர் நடத்துநர். ஆனால் அவர் மட்டுமே அவையோர்க்கு முதுகு காட்டி நிற்பவர். அவர் மட்டுமே ஓசை எழுப்பாதவர். அவர் கையசைவில் தாளம் இருக்கிறது. கண்பார்வையில் தொடக்கமும் முடிவும் இருக்கின்றன. பாட்டு சிறந்தால் பாடியவர் புகழ் பெறுவர். தவறினால் குறை அவர் மேல் வரும். தாம் பேசாமல் பிறரைப் பேசவைக்கும் இந்நிலையை விரும்பி ஏற்பதற்கு ஒரு மனப்பக்குவம் வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெயரற்று வாசித்தவர்களுக்காகப் போராடிய மனிதர், மேடையில் குரலற்றவர்களுக்குக் குரல் அமைத்துத் தந்தார். சங்கப் பணியும் இசைப் பணியும் அவரிடம் ஒன்றாயின.

அவர் பணியின் மேல் மறுப்புகளும் எழலாம். ஒத்திசைவு அயல்நாட்டு முறை. அது நம் இராக மரபைக் கெடுக்கும் என்பது ஒன்று. வயலின் நம் நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு நோட்டு சுரப் பாடல்கள் இயற்றினார். அயலிலிருந்து வந்ததை நம்முடையதாக்கும் ஆற்றல் இல்லாத மரபே கெடும். தமிழிசை அத்தகைய வலுவற்ற மரபன்று. மற்றொரு மறுப்பு, சேர்ந்திசை கருத்துப் பரப்பலுக்கே உதவும். நுண்ணுணர்வுக்கு இடமில்லை என்பது. இதில் ஒரு பகுதி உண்மை உண்டு. தனிமையின் மெல்லிய துயரை நூறு பேர் கூடிப் பாட முடியாது. ஆனால் நூறு பேர் கூடிப் பாடவேண்டிய உணர்வுகளும் மனிதர்க்கு உள்ளன. அவற்றுக்கு உரிய கலையை இல்லாமல் ஆக்கிவிட்டு, அவ்வுணர்வுகளை வெறும் முழக்கத்திடம் ஒப்படைத்துவிடுதல் தகுமா என்பதே கேள்வி.

கவிஞர்களுக்கு ஒரு சொல்

2025 மார்ச் 8 அன்று இலண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர் மேலை இசையின் பெருவடிவம் ஒன்றைத் தம் கையால் எழுதி அந்நகரில் ஒலிக்கச் செய்தமை தமிழர் அனைவர்க்கும் மகிழ்ச்சி தருவது. அதற்கு மறுநாள், மார்ச் 9, எம்.பி.எஸ். மறைந்து முப்பத்தேழு ஆண்டுகள் நிறைந்த நாள். அதே 2025 அவருடைய நூற்றாண்டும் ஆகும். இருவரையும் ஒப்பிட்டு உயர்வு தாழ்வு கூறவேண்டியதில்லை. சிம்பொனிக்கு ஆண்டுக்கணக்கில் பயின்ற கலைஞர்களும் பேரரங்கும் வேண்டும். சேர்ந்திசைக்கு வேண்டுவன தொண்டையும் செவியும் கூடுவதற்கு ஓர் இடமும் மட்டுமே. ஒன்று மலையுச்சி, மற்றொன்று ஊர்க்கிணறு. இரண்டும் ஒரு நாட்டுக்கு வேண்டும். உச்சியை அண்ணாந்து பார்க்கும் நாம் கிணறு தூர்ந்து போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூர்ந்து போகும் அச்சம் உண்மையானது. பள்ளிகளில் இறைவணக்கப் பாடல் ஒலிநாடாவிலிருந்து குறுவட்டுக்கும், குறுவட்டிலிருந்து கைப்பேசிக்கும் மாறியது. பிள்ளைகளின் வாய்கள் மெல்ல மூடிக்கொண்டன. திருமண வீட்டில் பெண்கள் பாடிய இடத்தை ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டது. விசைப்படகு வந்தபின் ஏலப்பாட்டுக்கு வேலையில்லை. இவற்றில் எதையும் பழிப்பதற்கில்லை. உழைப்பின் சுமை குறைவது நல்லதே. ஆனால் சேர்ந்து பாடும் பழக்கம் ஓர் ஊரை விட்டு நீங்கினால், ஒருவர் குரலுக்கு மற்றவர் செவி கொடுக்கும் பழக்கமும் உடன் நீங்கிவிடும்.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுக்கவிதை கண்ணுக்கு உரியதாயிற்று. தனியே அமர்ந்து வாசிப்பதற்கு உரியதாயிற்று. அதில் தமிழ் பெற்ற வளம் பெரிது. அதைக் கைவிடச் சொல்வது நோக்கமன்று. ஆயினும் ஆண்டுக்கு ஒரு பாட்டேனும் பலர் வாயில் நிற்குமாறு எழுதலாம் அல்லவா? குறுகிய அடி, தெளிந்த சொல், நெடில் நிற்கும் இடத்தில் நெடில், மடங்கி வரும் ஒரு தொடர் ஆகியவை இருந்தால் போதும். இசையமைப்பாளர் இல்லாவிட்டாலும் ஊர்ப்பிள்ளைகள் மெட்டுக் கண்டுபிடிப்பர். கீழக்கரைக்கு இது இயலாததன்று. உமறுப்புலவரைப் போற்றிய சீதக்காதி வள்ளலின் ஊர் இது. சமயம் எதுவென்று பாராமல் படிக்காசுப் புலவர் வந்து பாடிய ஊர் இது. ஒரு குரல் மற்றொரு குரலுக்கு இடம் கொடுக்கும் ஒத்திசைவை இவ்வூர் இசைப்பள்ளியில் கற்கவில்லை, வாழ்ந்து கற்றது.

1988 மார்ச் 9 அன்று எம்.பி.எஸ். அவர்களின் உயிர் பிரிந்தது இலட்சத்தீவில். மானாமதுரையின் பெயரைத் தாங்கியவர், வாழ்நாள் முழுதும் ஊர் ஊராய்ப் பாட்டைச் சுமந்து சென்று, அரபிக்கடலின் நடுவே உள்ள ஒரு தீவில் கண்மூடினார். அவர் தொடங்கிய குழு அவருக்குப் பின்னும் பாடியது. திருவனந்தபுரத்தில் அவர் பெயராலேயே ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழு எழுந்தது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பது இவ்வூர் உலகுக்கு ஈந்த பழமொழி. அதற்கு இசையுலகில் ஓர் எடுத்துக்காட்டுத் தேடினால் எம்.பி. சீனிவாசனைக் காட்டலாம். நடத்துநர் மறைந்த பின்னும் பாட்டு நிற்கவில்லை. ஏனெனில் அது அவர் குரலில் இருந்ததன்று, பாடியவர் குரல்களில் இருந்தது.

பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டம் நூறாண்டு காணட்டும். வட்டம் என்ற சொல்லுக்கே குரவையாடிய எழுவர் நின்ற வடிவம் என்ற பொருளும் பொருந்தும். அவ்வடிவில் ஒவ்வொருவரும் தத்தம் சுரத்தைப் பாடுக. மற்றவர் சுரத்தையும் கேட்க.